இருபது சொல்லோடு கிரனாடாவில்

கிரனாடா என்றால் ஸ்பானிய மொழியில் மாதுளம்பழம். ஸ்பெயினின் தென்பகுதியான அண்டலூசியாவில், சியெர்ரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் அந்தப் பெயரில் ஒரு நகரம் இருக்கிறது. தெருப் பலகையிலும் நடைபாதை ஓரத்து இரும்புக் கம்பத்திலும்கூட அங்கே மாதுளம்பழச் சின்னத்தைப் பார்க்கலாம். அந்நகரின் பல்கலைக்கழகம் 1531-இல் தொடங்கப்பட்டது. போர்த்துகீசியர்கள் மலாக்காவைப் பிடித்து இருபது ஆண்டுகள் கழித்து என்று சொன்னால் நமக்குச் சட்டென்று பிடிபடும். ஐரோப்பாவில் பரிமாற்றத் திட்ட மாணவர்கள் மிக அதிகமாகப் போய்ச் சேரும் பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று.

2013 செப்டம்பரில், ஊடகத்துறைப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில், ஒரு பருவம் படிக்க நான் அங்கே போனேன். வயது 21. இன்று வானொலியில் பேசுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி நிகழ்ச்சியில் பேசும்போதெல்லாம் பெற்றோர்கள் அழைத்துக் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? குளிர் தாங்குவானா? இடம் பாதுகாப்பானதா? மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டும்?

எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால், ஆங்கிலம் அவ்வளவாகச் செல்லுபடியாகாத ஒரு நகரத்தில் முதல் பத்து நாளைப் பிள்ளை எப்படிக் கடக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், பெட்டியில் என்ன வைப்பது என்பதைவிட அதுதான் பெரிய கேள்வி.

செம்பனை போல ஒலிவ மரங்கள்

மட்ரிட்டிலிருந்து கிரனாடாவுக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வழியில் ஹாயென் வட்டாரத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒலிவ மரங்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே இடைவெளியில், வரிசை கலையாமல் நின்றன. நம் நெடுஞ்சாலை ஓரத்துச் செம்பனைத் தோட்டங்களைப் பார்ப்பது போலவே இருந்தது. மண் மட்டும் காய்ந்து வெளிறிக் கிடந்தது. உலகிலேயே அதிகமாக ஒலிவ எண்ணெய் எடுக்கும் நாடு ஸ்பெயின். அதில் பெரும்பங்கு இந்த வட்டாரத்திலிருந்து வருகிறது.

நான் போய் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பேரங்காடிகள், மளிகைக் கடைகள் எல்லாம் அடைப்பு. நள்ளிரவில் பசித்தாலும் மாமாக் கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டுப் பழகிய கிள்ளான்காரிக்கு அது புதுசு. தங்கும் விடுதியின் இயந்திரத்தில் காசு போட்டு எடுத்த பிஸ்கட்டும் தண்ணீரும்தான் அன்றைய இரவுச் சாப்பாடு.

அடுத்த நாளிலிருந்து அந்த ஊரின் கடிகாரம் மெல்லப் புரிந்தது. சின்னக் கடைகள் மதியம் இரண்டு மணிக்கு மூடி, ஐந்து மணிக்குத்தான் மறுபடி திறக்கும். மதியச் சாப்பாடு இரண்டரை, மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பதரை, பத்து மணிக்கு. பன்னிரண்டு மணிக்குப் பசிக்கும் வயிற்றோடு போகும் மலேசியப் பிள்ளை முதல் வாரம் தடுமாறத்தான் செய்யும். கைப்பையில் ஏதாவது தின்பண்டம் வைத்திருந்தால் தப்பித்துக்கொள்ளலாம்.

வாயாடிக்கு வாய் அடைத்தது

வீட்டில் எனக்கு வாயாடி என்றுதான் பெயர். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டி, இடைநிலைப் பள்ளியில் மலாய் விவாதக் குழு, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் நிகழ்ச்சி நெறியாள்கை. ஸ்பானியமும் இரண்டு பருவம் படித்திருந்தேன். பாடப்புத்தகத்தோடு வந்த ஒலித்தட்டில் பேசியவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாக உச்சரித்தார்கள்.

கிரனாடாவில் அந்த ஒலித்தட்டுக்காரர்கள் யாரும் இல்லை. அண்டலூசியர்கள் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுவார்கள். 'மாஸ் ஓ மேனோஸ்' என்று நான் படித்தது அங்கே 'மா ஓ மேனோ'. 'ஏறத்தாழ' என்று பொருள். தங்கள் ஊரையே 'கிரனா' என்பார்கள். செல்லமாகச் சுருக்க, 'கொஞ்சம்' என்பதை 'பொக்கீக்கோ' என்பார்கள். புத்தகத்தில் அந்த 'ஈக்கோ' இல்லை.

மொழி முழுதாகக் கைக்கு வராத ஊரில் என்ன நடக்கும் என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் கேட்டு வாங்கிவிடலாம், பேருந்து ஏறிவிடலாம். நம் குணத்தைக் காட்டுவதுதான் முடியாது. நகைச்சுவை சொல்ல முடியாது. மரியாதையாக மறுக்க முடியாது. கோபம் வந்தால் முறையாகக் கோபப்படவும் முடியாது. எல்லாரும் சிரித்து முடித்து ஒரு விநாடி கழித்து நாம் சிரிப்போம். மூன்று மொழியில் கெட்டிக்காரியாக இருந்தவள் நான்காவது மொழியில் நான்கு வயதுக் குழந்தை ஆகிவிடுவாள். உடன் வந்த பரிமாற்ற மாணவர்களில் பலரும் இதே பாட்டைத்தான் பட்டார்கள். ஜெர்மனி, போலந்து, கொரியா என்று எந்த நாடாக இருந்தாலும், அந்த முதல் வாரத்தில் எல்லார் முகத்திலும் ஒரே களைப்பு.

அதில் எனக்கு வேறொரு நெருக்கடியும் இருந்தது. பரிமாற்றத் திட்டம் என்பதால் படிப்புக் கட்டணத்தை வழக்கம்போல் சொந்தப் பல்கலைக்கழகத்தில் கட்டினால் போதும். விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நம் பொறுப்பு. கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டிய அப்பாவின் சேமிப்பும் அம்மா போட்டிருந்த சீட்டுப் பணமும் சேர்ந்துதான் என்னை அனுப்பின. அப்போது ஒரு யூரோ நான்கு வெள்ளிக்கும் மேல். விடுதிக்கு நான் ஒதுக்கியிருந்தது ஐந்து இரவுக்கான பணம். அதற்குள் மாத வாடகைக்கு ஓர் அறை பிடித்தாக வேண்டும்.

விடியற்காலை நான்கு மணி அழைப்பு

செப்டம்பரில் ஸ்பெயினுக்கும் நமக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே விடியற்காலை நான்கு. அப்பா வேலைக்கு எழும் நேரம். நான் இரவுச் சாப்பாட்டை முடிக்கும் நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வரை அதுதான் எங்கள் இருவருக்குமான பொழுது.

மூன்றாம் நாள் இரவு அவர் அழைத்தார்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்ப்பா."

"என்ன, கொரலே இல்ல?"

"இங்க யார்கிட்டயும் சரியாப் பேச முடியலப்பா. எல்லாரும் வேகமாப் பேசுறாங்க. பாதி வெளங்கவே மாட்டேங்குது. ரூம் வேற பாக்கணும். போன் போட்டுக் கேக்கணும்னாலே கை நடுங்குது."

கொஞ்ச நேரம் அப்பா பேசவில்லை. மேசையில் லாரிச் சாவி உரசும் சத்தம் கேட்டது.

"ஒன் பாட்டிக்கு எத்தன மலாய்ச் சொல் தெரியும்னு நெனைக்கிற?"

"தெரியலையேப்பா."

"இருபது இருக்கும். அந்த இருபத வச்சித்தான் எங்க நாலு பேரையும் ஆளாக்குனாங்க."

பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வந்த பிறகு கிள்ளான் சந்தையில் கீரையும் வெற்றிலையும் விற்றார். சீனர், மலாய்க்காரர் என்று எல்லாரும் அவரிடம் வாங்கினார்கள். 'பெராப்பா', 'மூரா', 'மஹால்', 'போலே', 'தாக் போலே', 'பேசோக்'. எவ்வளவு, மலிவு, விலை அதிகம், முடியும், முடியாது, நாளைக்கு. மிச்சத்தைக் கையும் முகமும் பார்த்துக்கொள்ளும். இலக்கணம் கிடையாது. ஆனால் அவரை ஏமாற்றிக் காசு குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனவர் கிடையாது. சந்தையில் எல்லாருக்கும் அவரைத் தெரியும்.

அன்று இரவு தூங்கும் முன் குறிப்பேட்டில் இருபது சொற்களை எழுதினேன். எவ்வளவு, எங்கே, எப்போது, வேண்டும், வேண்டாம், இன்று, நாளை, திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது, மெதுவாக, மறுபடியும், மன்னிக்கவும், நன்றி, சரி, அறை, வாடகை, தண்ணீர், ரொட்டி, பேருந்து, மாட்டிறைச்சி இல்லாமல். எல்லாம் முன்பே படித்தவைதான். ஆனால் யோசிக்காமல் நாக்கில் வர வேண்டிய சொற்கள் எவை என்று பிரித்து வைத்த பிறகு பயம் பாதியாகக் குறைந்தது.

ஓர் அறைக்கு ஒரு கையெழுத்துப் பிரதி

கிரனாடாவில் பெரும்பாலான மாணவர்கள் அடுக்குமாடி வீடுகளில் ஆளுக்கோர் அறை எடுத்துச் சேர்ந்து வாழ்கிறார்கள். அந்தக் காலத்தில் கல்லூரி அறிவிப்புப் பலகைகள் நிறைய 'அறை வாடகைக்கு' என்ற தாள்கள் ஒட்டியிருக்கும். தாளின் அடிப்பகுதி சிறு சிறு நாக்குகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றிலும் தொலைபேசி எண் எழுதியிருக்கும். வேண்டியவர் ஒன்றைக் கிழித்துக்கொள்ளலாம்.

புதிய மொழியில் நேரில் பேசுவதைவிடத் தொலைபேசியில் பேசுவது கடினம். உதடு தெரியாது. கை தெரியாது. காதில் விழும் குரல் ஒன்றுதான் துணை. வானொலியில் இதையே தொழிலாகச் செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் நிகழ்ச்சிக்குப் பிரதி எழுதுவது போலவே, பேச வேண்டியதை ஐந்து வரியில் எழுதிக்கொண்டேன். 'வணக்கம், நான் மலேசிய மாணவி. அறை இன்னும் இருக்கிறதா? வாடகை எவ்வளவு? வந்து பார்க்கலாமா? தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள்.'

முதல் இரண்டு எண்களில் அறை ஏற்கெனவே போய்விட்டது. மூன்றாவதில் ஒரு வயதான அம்மா பேசினார். நீளமாகப் பேசினார். அதில் எனக்குப் பிடிபட்டவை 'மன்யானா' என்ற சொல்லும் ஆறு என்ற எண்ணும். ஸ்பானிய மொழியில் 'மன்யானா' என்றால் நாளை. காலை என்பதற்கும் அதே சொல்தான். நாளை ஆறு மணியா, காலை ஆறு மணியா? பிடிபட்ட இரண்டையும் திருப்பிச் சொல்லி, "சாயங்காலமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "சாயங்காலம்தான், இஹா" என்றார்.

'இஹா' என்றால் மகள். முன்பின் தெரியாத பெண்ணைக்கூட அந்த ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள், நம் அம்மாமார்கள் 'வாம்மா, போம்மா' என்பது போல. நான்கு நாளில் என்னை உறவு சொல்லிக் கூப்பிட்ட முதல் குரல் அது.

மறுநாள் போனேன். மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி. மாதம் 180 யூரோ. அந்த அம்மா கதவைத் திறந்து, வெளிநாட்டுப் பெண்ணாயிற்றே என்று ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டிப் பெயர் சொன்னார். மெசா. அர்மாரியோ. காமா. கடைசியாக என் உள்ளங்கையில் ஒன்றை வைத்து, யாவே.

பாடப்புத்தகத்தில் படித்த சொற்கள்தான். ஆனால் பொருளைத் தொட்டு ஒருவர் சொல்லக் கேட்டபோது அவை வேறு மாதிரி ஒலித்தன. மெசா நம் மேசை. அர்மாரியோ நம் அலமாரி. காமா கட்டில். யாவே சாவி.

பெட்டியில் இல்லாமல் போன சொற்கள்

இது தற்செயல் இல்லை. மேசை, அலமாரி, சாவி, சன்னல் எல்லாம் போர்த்துகீசியர்கள் வழியாகத் தமிழுக்கு வந்தவை. போர்த்துகீசியமும் ஸ்பானியமும் லத்தீன் என்ற ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால் பல சொற்கள் அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

மலாய் தெரிந்த நமக்கு இன்னும் வசதி. 1511 முதல் 1641 வரை மலாக்கா போர்த்துகீசியர் கையில் இருந்தது. அதன் தடம் மலாய் மொழியில் இன்றும் உண்டு. நாம் 'துவாலா' என்கிற துண்டு ஸ்பெயினில் 'தோவாயா'. 'கெமேஜா' சட்டை 'காமீசா'. 'செப்பாத்து' என்ற காலணி 'சபாத்தோ'. 'பெண்டேரா' என்ற கொடி 'பண்டேரா'. ஞாயிற்றுக்கிழமையான 'மிங்கு'வுக்கும் அங்குள்ள 'தொமிங்கோ'வுக்கும் வேர் ஒன்றுதான். கெமேஜா, துவாலா என்று பாட்டி சந்தையில் சொன்னபோது, அவர் வாயில் இருந்தது பாதி ஐரோப்பா.

அதைவிடப் பழைய உறவும் இருக்கிறது. கிரனாடா, ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசின் தலைநகரம். அல்ஹம்ப்ரா அரண்மனை அவர்கள் கட்டியது. 1492 ஜனவரி 2-ஆம் தேதி அந்நகரம் கத்தோலிக்க மன்னர்கள் வசம் போனது. அரபு மொழி மட்டும் முழுதாகப் போகவில்லை. ஸ்பானிய மொழியில் சர்க்கரை 'அசூக்கர்'. அரபு வழியாகப் போன இச்சொல்லுக்கும் நம் சர்க்கரைக்கும் சமஸ்கிருத மூலம் ஒன்றே. ஆரஞ்சுப் பழம் அங்கே 'நரான்ஹா'. அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போகும் அச்சொல்லின் வேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். நம் நாரத்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் தெரிந்தால் ஸ்பானியம் சரளமாக வந்துவிடாது. ஆனால் ஒரு மூன்றாம் மாடி அறையில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு, 'இந்த மொழி எனக்கு முழு அந்நியம் இல்லை' என்ற எண்ணம் எவ்வளவு பெரிய துணை என்று எனக்குத் தெரியும். ஆறாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குக் குடிபோனேன்.

சாப்பாட்டு மேசையில்

கிரனாடாவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குடிக்க ஏதாவது வாங்கினால் கூடவே ஒரு சின்னத் தட்டு உணவு இலவசமாக வரும். அதுதான் 'தாப்பா'. மது அருந்தாதவர்கள் 'மோஸ்தோ' என்று கேட்டால் திராட்சைச் சாறு கிடைக்கும். பல கடைகளில் அதற்கும் தட்டு வரும். மாணவர்களின் மாதக் கடைசியைக் காப்பாற்றுவது இந்தத் தட்டுகள்தான்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடையைப் பதப்படுத்திய 'ஹமோன்' துண்டோ சூரை மீனோ தட்டில் இருக்கக்கூடும். அங்கே பலர் பேச்சில் இறைச்சி என்ற சொல் அவற்றைக் குறிப்பதில்லை. சைவம் என்றால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடாதவர்களுக்கு 'சின் தெர்னேரா' என்ற இரண்டு சொல் போதும்.

கத்தரிக்காயை மெல்லிய வில்லையாக அரிந்து மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். வெல்லப்பாகு ஊற்றிய பஜ்ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரும்பு அரபுக்காரர்களோடு அந்தக் கரையோரத்துக்கு வந்த பயிர். பழைய அல்பைசின் குடியிருப்புக்கு ஏறும் சந்துகளின் அடிவாரத்தில் மொரோக்கோக்காரர்களின் தேநீர்க் கடைகளும் மளிகைக் கடைகளும் உண்டு. அங்கே சீரகம், மஞ்சள்தூள், கொத்தமல்லி விதை எல்லாம் கிடைத்தன. அங்கே வாங்கிய சாமானில் வைத்த பருப்புக் குழம்பு முதல் சனிக்கிழமை எங்கள் அடுப்பில் கொதித்தது.

சமையலறையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கனமான எரிவாயுத் தோம்பு இருக்கும். அடுப்பும் சுடுதண்ணீரும் அதை நம்பித்தான். அது தீர்ந்தால் யார் முறை என்று வீட்டில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்தபோது குடிவந்துவிட்டேன் என்று தோன்றியது.

அவளுக்கும் அதே பயம்

வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள். ஒருத்தி இத்தாலிக்காரி. மற்றவள் ஹாயென் ஊர்க்காரி, தாதிமைப் படிப்பில் கடைசி ஆண்டு. அந்த 2013-ஆம் ஆண்டில் ஸ்பெயினில் வேலையின்மை 26 விழுக்காடு. 25 வயதுக்குட்பட்டவர்களில் வேலை தேடியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வேலை இல்லை. படித்து முடித்த தாதியர் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அவளும் இங்கிலாந்து போக முடிவு செய்து, ஆங்கிலம் பேச ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

ஓர் ஒப்பந்தம் போட்டோம். இரவுச் சாப்பாட்டில் அரை மணி நேரம் ஸ்பானியம், அரை மணி நேரம் ஆங்கிலம். ஆங்கிலம் பேசும்போது அவள் குரலே மாறிவிடும். வீட்டில் எல்லாரையும் கேலி செய்பவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடுவாள். "நோயாளி வலியில் கத்தும்போது எனக்குப் புரியாவிட்டால் என்ன செய்வேன்?" என்று ஒருநாள் கேட்டாள். என் கவலை ஒரு பருவத்துக்கு. அவளுடையது பிழைப்புக்கு. இருபது சொல் பட்டியலை அவளுக்கும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். வலி, எங்கே, எவ்வளவு நேரமாக, மூச்சு, தண்ணீர், பயப்படாதீர்கள். ஒரே வாரத்தில் நம் ஊர் 'லா'வையும் பிடித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள்

வகுப்பு தொடங்கியது ஒன்பதாம் நாள். தொடர்புத்துறைக் கல்லூரி கார்த்தூகா என்ற குன்றின் மேல் இருக்கிறது. விரிவுரையாளர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார்கள். 'நீங்கள்' என்று தொடங்கினால் 'நீ' என்றே சொல் என்கிறார்கள். 'ஐயா', 'செகு' என்றே வளர்ந்த நாக்குக்கு அது எளிதாக வரவில்லை.

மதிப்பெண் பத்துக்கு. ஐந்து வாங்கினால் தேர்ச்சி. ஒன்பதுக்கு மேல் என்றால் மிகச் சிறப்பு. ஒரு பாடத்துக்கு வழக்கமாக ஆறு புள்ளி, ஒரு பருவத்துக்கு முப்பது புள்ளி. அதை வைத்துத்தான் நம் பல்கலைக்கழகம் பாடங்களை ஈடுகட்டும். அதனால் பாடம் மாற்றினால் இரு தரப்பின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். தங்கும் காலம் 180 நாளுக்குள் என்றால் மாணவர் விசாவே போதும். அதற்கு மேல் என்றால் போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் வகுப்பில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு புரிந்தது. முடிந்ததும் பக்கத்து இருக்கை மாணவியிடம் குறிப்பு கேட்டேன். குறிப்பெடுத்துப் பகிர்வது அங்கே மாணவர்களிடையே பெரிய பழக்கம். கேட்டதும் கொடுத்தாள். விரிவுரையாளரிடம் போய், புரியாத இரண்டு இடங்களைக் காட்டினேன். அவர் மெதுவாக, கையை ஆட்டி, விளக்கினார்.

மறுநாள் காலை, வீட்டுக்குக் கீழே இருந்த ரொட்டிக் கடைக்கு நான்காவது முறையாகப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னே கடைக்கார அம்மா, "எப்போதும் வாங்குறதுதானே?" என்றார். நீளமான ஒரு ரொட்டியைத் தாளில் சுற்றினார். 'எப்போதும்' என்ற சொல்லை அவர் எனக்காகப் பயன்படுத்தினார். ஊரில் எனக்கு ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. அன்று இரவு அப்பாவிடம் பேசியபோது அவர் குரலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு

பிள்ளை கிளம்பும் முன், அந்த ஊர் மொழியில் இருபது சொற்களை நீங்களும் உட்கார்ந்து சேர்ந்து எழுதுங்கள். பத்து நிமிட வேலை. உணவுக் கட்டுப்பாடு இருந்தால் அது கட்டாயம் பட்டியலில் இருக்கட்டும். முதல் ஐந்தாறு இரவுக்கான தங்குமிடத்தை முன்பே பதிவு செய்யுங்கள். அறையை நேரில் பார்த்துவிட்டுப் பணம் கட்டட்டும். போய்ச் சேரும் நாள் ஞாயிறாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

இன்னொன்று. முதல் வாரம் அழைக்கும்போது, 'சாப்பிட்டாயா' என்பதோடு, 'இன்று யாரிடம் பேசினாய்' என்றும் கேளுங்கள். கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், பக்கத்து அறைப் பெண் என்று ஒரு பெயராவது வந்தால் பிள்ளை சமாளித்துக்கொள்கிறது என்று பொருள். மூன்று நாளாக யார் பெயரும் வரவில்லை என்றால் கொஞ்சம் கூடுதலாகப் பேசுங்கள். உங்கள் வீட்டிலும் மொழி தெரியாமல் வந்து பிழைத்த ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். அவர் கதையைச் சொல்லுங்கள்.

அந்தப் பத்து நாள் எனக்கு வேறொன்றையும் கற்றுக் கொடுத்தது. நம் ஊர் உணவகங்களில் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார்கள். "சத்து தே தாரேக், துவா தோசை?" சிலர் பொறுமையிழந்து குரலை உயர்த்துகிறோம். அந்தப் பையன் நம் வேகத்தில் பிடிபட்ட இரண்டு சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கிறான். அவனுடைய அப்பாவோ அம்மாவோ எங்கோ இன்னொரு நேரத்தில் அவன் அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் போதும்.